அடங்காப் பிள்ளையும் அஞ்சும் தந்தையும்

"பிள்ளை சொன்ன சொல் கேட்பதில்லை" என்னும் முறையீடு இந்நாட்டுத் தமிழர் இல்லங்களில் எழாத நாள் இல்லை. தோட்டத்து லயங்களிலும் அதனைக் கேட்கலாம். பட்டணத்து அடுக்குமாடி வீடுகளிலும் கேட்கலாம். கோயில் வாசலிலும், கலியாணப் பந்தியிலும், இழவு வீட்டிலுங்கூடப் பெற்றோர் இருவர் சந்தித்தால் இரண்டொரு வார்த்தைக்குப் பின் பேச்சு இதிலேதான் வந்து நிற்கின்றது. நேற்றுவரை மடியிலிருந்த பிள்ளை இன்று முகங்கொடுத்துப் பேசுவதில்லை, என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறது, கதவைச் சாத்திக்கொள்கிறது, கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கிறது, போகாதே என்ற இடத்திற்குப் போகிறது, சேராதே என்றவரோடு சேர்கிறது. இவ்விடலைப் பருவத்தில் பிள்ளையை ஏதோ பிடித்துக்கொண்டது என்று மந்திரித்துக் கயிறு கட்டுவோரும் நம்மில் உளர். அவர்களைப் பற்றி எழுத நான் வரவில்லை. பகுத்தறிவுடையோம் என்று எண்ணிக்கொண்டிருக்கும் என்போன்றோரைப் பற்றியே ஈண்டு எழுதுகின்றேன்.

நான் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி. வயது 39. தமிழைச் சொந்த முயற்சியால் கற்றுக்கொண்டவன். ஆதலின் நடையில் பிழையிருப்பின் அன்பர்கள் பொறுத்தருள்க. மகளுக்கு 16 வயது, மகனுக்கு 15. சில மாதங்களுக்கு முன்னர் இவ்விருவரும் ஒரே மாதத்திற்குள் நான் போட்ட வேலியைத் தாண்டினர். மகன் தாண்டியது ஒரு வேலி. மகள் தாண்டியது வேறொரு வேலி. பிள்ளைகளின் குற்றத்தை எழுதி, அதற்கு மற்றப் பெற்றோரின் அபிப்பிராயத்தையும் கேட்கலாம் என்றே முதலிற் பேனாவை எடுத்தேன். எழுதிக்கொண்டு வருகையில் கணக்கு வேறாக இருக்கக் கண்டேன். அதனை மறைக்காமற் கூறுகின்றேன்.

முதலில் மகனைக் கூறுவேன். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, வீட்டில் அனைவரும் உறங்கிய பின்னர், என் மோட்டார் சைக்கிளை ஓசை கேளாதபடி செம்மண் சாலை வளைவுவரை தள்ளிக்கொண்டு போயிருக்கின்றான். அங்கே அவனுடைய நண்பர் இருவர் காத்திருந்தனர். மூவரும் ஒரே வண்டியில் ஏறிப் பட்டணத்துச் சந்திவரை போய்த் திரும்புகையில், தோட்டத்து மதகண்டை சக்கரம் சறுக்கி விழுந்தனர். மூவருக்கும் சேர்த்து ஒரே ஒரு தலைக்கவசம் இருந்தது. முழங்காலும் முழங்கையும் சிராய்ந்ததோடு போயிற்று. விடியற்காலையில் பெரட்டுக்குப் புறப்பட எழுந்த நான், அவன் குளியலறையில் காயத்தைக் கழுவிக்கொண்டிருக்கக் கண்டேன்.

திட்டினேன், உரக்கத்தான் திட்டினேன். பிறகு, "எங்கேடா அடிபட்டது?" என்று கேட்டு, என் கையாலேயே மருந்து தடவினேன். வண்டிச் சாவியை எடுத்து மறைத்து வைத்தேன். நான்கு நாட்கள் கழிந்தபின் ஆபீசில் தேநீர் வேளையில் இதனை ஒரு கதையாகச் சொன்னேன். கேட்டவர்கள் சிரித்தனர். "அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறான்" என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். சிரித்ததோடு நில்லாமல், அந்த வளைவில் மூவரை ஏற்றிக்கொண்டு வண்டியைத் திருப்புவது பெரியவர்களுக்கே கடினம் என்றும் ஒரு வார்த்தை சேர்த்தேன். அது கண்டனமா, மெச்சுதலா என்று அன்றைக்கு யாரேனும் கேட்டிருந்தால் விடை கூற இயலாமற் போயிருப்பேன்.

அவன் செய்தது சிறு குற்றமன்று. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி 16 வயது நிரம்பாதவர் எந்த மோட்டார் வாகனத்தையும் சாலையில் ஓட்டுதல் கூடாது. சட்டம் கிடக்கட்டும். மலேசியச் சாலைகளில் விபத்துக்குள்ளாகி உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. அந்த மதகின் கைப்பிடிச் சுவர் சிமெண்டால் ஆனது. இரண்டு சாண் தள்ளி விழுந்திருந்தால் மூன்று வீடுகளில் பந்தல் போட நேர்ந்திருக்கும். இதனை அறிந்தும் நான்காம் நாள் சிரித்தேன்.

இனி மகளைக் கூறுவேன். அவள் பள்ளியில் பூப்பந்து ஆடுபவள். ஒரு வியாழக்கிழமை பயிற்சி முடிய நேரமாகிப் பேருந்தை விட்டுவிட்டாள். உடன் பயில்வோர் மூவரோடு, இரண்டு பெண்கள் ஒரு பையன், சந்திவரை நடந்து, அடுத்த பேருந்தைப் பிடித்து, ஏழு மணிக்கு வீடு வந்தாள். பயிற்சி உண்டு என்று காலையிலேயே தாயிடம் சொல்லியும் இருந்தாள். ஆனால் அவள் வருமுன்னே என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்துவிட்டது. 'உங்கள் மகளை ஒரு பையனோடு சந்தியிற் பார்த்தோம்; உங்கள் நன்மைக்காகவே சொல்கிறோம்' என்பது அச்செய்தி. நன்மை விரும்பிய அப்புண்ணியவானின் கண்ணுக்கு மற்ற இரண்டு பெண்களும் ஏனோ தென்படவில்லை.

அவள் வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே, இனிமேல் விளையாட்டும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம் என்று கூறினேன். கைப்பேசியை வாங்கி என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அதன்பின் பதினொரு நாட்கள் அவளிடம் நான் பேசவில்லை. நான் கையோங்கவில்லை, வசைச் சொல் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் என்னை நாகரிகமுள்ள தந்தையென்றே கருதிக்கொண்டிருந்தேன். பேசாமலிருப்பது அடியினும் கொடிது என்பதை அடித்தவர் அறியார்; பட்டவரே அறிவர்.

பன்னிரண்டாம் நாள் இரவு அவளே வந்து நின்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

"தம்பி விழுந்துட்டு வந்தப்போ, எங்கே அடிபட்டுச்சுன்னு கேட்டீங்க. நான் வந்தப்போ எங்கே போனேன்னுகூட நீங்க கேக்கலப்பா. யாரோ சொன்னதையே எடுத்துக்கிட்டீங்க."

இவ்வளவே கூறினாள். எனக்கு மறுமொழி இல்லை.

தோட்டத்துக் கிராணியின் வேலை இன்னதென்று பட்டணத்து அன்பர்கள் அறியாதிருக்கலாம். பெரட்டில் ஆளெடுப்பதும், செக்ரோலில் பேர் பதிவதும், குலைக்கணக்கு எழுதுவதும், கூலி போடுவதும் எங்கள் வேலை. ஒரு தொழிலாளி நேற்றுப் பாதி வேலையில் போய்விட்டான் என்று யாரேனும் வந்து சொன்னால், அதைக் கேட்டவுடன் அரைநாட் கூலியை நான் வெட்டிவிடுவதில்லை. மண்டோரைக் கேட்பேன்; அவனுடைய வரிசையில் அறுத்த குலைகள் எத்தனை என்று பார்ப்பேன்; கடைசியில் அவனையே கூப்பிட்டுக் கேட்பேன். இப்பொழுது எங்கள் தோட்டத்தில் வேலை செய்வோரிற் பெரும்பாலோர் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். என் மொழி அவர்களுக்குத் தெரியாது; அவர்களுடைய மொழி எனக்குத் தெரியாது. ஆயினும் அரைக்குறை மலாயில் கேட்டே தீர்ப்பேன். முன்பின் அறியாதவனின் அரைநாட் கூலிக்கு நான் காட்டும் நியாயத்தை, பதினாறு ஆண்டு என் வீட்டிற் சோறுண்ட பெண்ணுக்குக் காட்டவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. தொழிற் பழக்கத்தால் ஒரு தாளை எடுத்து நடுவே கோடு கிழித்தேன். என் பிள்ளைகளுக்கு நான் விதித்திருக்கும் தடைகளையெல்லாம் நினைவுக்கு வந்தபடி எழுதலானேன். அவர்களுடைய உடலுக்கோ உயிருக்கோ படிப்புக்கோ கேடு வருமென்று அஞ்சி விதித்தவை இடப்பக்கம்; நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று அஞ்சி விதித்தவை வலப்பக்கம். மகனுக்கு விதித்தவை ஆறுதான் தேறின. மகளுக்கு விதித்தவை பதினேழு. மகனுடைய ஆறில் ஐந்து இடப்பக்கம் நின்றன. மகளுடைய பதினேழில் பன்னிரண்டு, எப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும், வலப்பக்கமே போய்ச் சேர்ந்தன. உரக்கச் சிரிக்காதே, வாசலில் நின்று பேசாதே, விருந்தினர் வந்தால் உள்ளே போ, அந்த உடை வேண்டாம், முடியை வெட்டாதே. இவற்றுள் எதனால் அவளுக்கு என்ன தீங்கு நேரும் என்று எனக்கே தெரியவில்லை. 'இருட்டுவதற்குள் வீடு வரவேண்டும்' என்பதை எப்பக்கம் எழுதுவதென்று நெடுநேரம் யோசித்து, இரு பக்கமும் எழுதினேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமற் கூறிவிடுகின்றேன். அந்தச் செய்தியைப் படித்தவுடன் என் மனத்தில் எழுந்த முதற் கேள்வி, 'அவள் பத்திரமாக இருக்கின்றாளா?' என்பதன்று. 'அந்தப் பையன் யார் வீட்டுப் பிள்ளை?' என்பதே அது. 'யார் வீடு' என்னும் சொல்லுக்கு நம்மவரிடையே என்ன பொருளென்பதை வாசகர் அறிவர். சாதி வேண்டாம் என்று மேடையிற் பேசக் கேட்டுக் கைதட்டியவன் நான்; என் திருமணத்திலும் சாதகம் பார்க்கவில்லை. இருந்தும் அந்தக் கேள்வி தானாக எழுந்தது. எங்கே உறங்கிக்கொண்டிருந்ததோ தெரியவில்லை.

நம் நூல்கள் இதற்கு என்ன கூறுகின்றன என்று பார்க்கத் திருக்குறளை எடுத்தேன். பிள்ளை பெற்றோருக்கு அடங்கி நடக்கவேண்டும் என்று வள்ளுவர் எங்கேயேனும் கட்டளையிட்டிருப்பார் என்பது என் எண்ணம். மக்கட்பேறு என்னும் ஏழாம் அதிகாரத்தின் பத்துப் பாக்களிலும் அப்படி ஒரு கட்டளை இல்லை. குழந்தை அளைந்த கூழின் சுவை இருக்கின்றது. மழலையின் இனிமை இருக்கின்றது. தம்மைவிடத் தம் பிள்ளைகள் அறிவுடையராயிருத்தல் உலகிற்கே இனிது என்பது இருக்கின்றது. தந்தை மகனுக்குச் செய்யவேண்டியதை முன்னர்க் கூறி, மகன் தந்தைக்குச் செய்யவேண்டியதைப் பின்னர்க் கூறுகின்றார். கீழ்ப்படிதல் என்னும் பேச்சே அங்கே இல்லை. அடக்கமுடைமை என்று வேறோர் அதிகாரம் உண்டேயெனின், அது தன்னைத் தானே காத்துக்கொள்ளும் பண்பைக் கூறுவது. பிறர் அடக்க அடங்குவதைக் கூறுவதன்று. ஒரு சொல்லின் இவ்விரு பொருளையும் நாம் குழப்பிக்கொண்டு, அடக்கப்பட்ட பிள்ளையை அடக்கமுள்ள பிள்ளை என்று அழைக்கின்றோம்.

ஆனால் என் கட்சிக்கு ஏற்றதை மட்டும் எடுத்துக் காட்டுவது நேர்மையாகாது. அதே அதிகாரத்தின் முடிவில், தன் மகன் சான்றோன் என்று பிறர் சொல்லக் கேட்ட தாயின் களிப்பையும், இவன் தந்தை என்ன தவம் செய்தானோ என்று பிறர் வியக்கும் சொல்லையும் வள்ளுவர் பெருமையாகவே பேசுகின்றார். ஆகவே ஊரார் வாயை அவரும் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. மானத்திற்கு அஞ்சும் தந்தையை மூடன் என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிட நானும் துணியேன். சில குடும்பங்களே எஞ்சியிருக்கும் தோட்டத்தில், நாளைக்கும் அதே முகங்களைப் பார்த்து வாழவேண்டியவனுக்கு அவர்கள் சொல் ஒரு பொருட்டுத்தான். எனினும் வள்ளுவர் கூறும் ஊரார் பிள்ளையின் குணத்தைக் கண்டு பேசுகின்றவர்கள். என் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பியவர் என் மகளின் குணத்தில் எதனைக் கண்டார்?

மற்றொன்று. மேற்சொன்ன குறட்பாக்களில் வருபவன் மகனே. உரையாசிரியர்களுள் தலைசிறந்தவராகப் போற்றப்படும் பரிமேலழகர், அதிகாரத்திற்கே 'புதல்வரைப் பெறுதல்' என்று பெயர் கொண்டதோடு, முதற் பாவிலே அறிவு பேசப்படுவதால் அங்கே மக்கள் என்னும் சொல் பெண்ணை நீக்கி நின்றது என்றும் எழுதிச் சென்றார். மூலத்தில் இல்லாத நீக்கம் உரையில் நுழைந்தது. பேரறிஞராகிய அவருக்கே அப்படித் தோன்றிற்றென்றால் கிராணியாகிய எனக்குத் தோன்றியதில் வியப்பென்ன என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். சமாதானம் சொல்லிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. 'தோளுக்கு மிஞ்சினால் தோழன்' என்னும் பழமொழியைச் சொல்லாத தகப்பன் நம்மில் இல்லை. மகளைக் குறித்து அதனைச் சொல்ல நான் ஒருநாளும் கேட்டதில்லை. என் மகள் இப்பொழுது தன் தாயைவிட உயரம்.

பெண் பெரியவளானதும் மண்டபம் பிடித்து, ஒலிபெருக்கி கட்டி, வாசலிலே அவள் படத்தைப் பெரிதாக எழுப்பி, ஊரறிய மஞ்சள் நீராட்டுகின்றோம். பந்தல் பிரித்த மறுநாளிலிருந்து, அவள் பெரியவளானதையே ஒரு குற்றம்போல நடத்துகின்றோம். இந்தச் சடங்கைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம், இப்பொழுது வேண்டாம்.

என் தமக்கையைப் பற்றி எழுதவேண்டும். எழுதலாமா என்று அவரையே கேட்டேன். பேர் போடாமல் எழுது என்றார்.

எங்கள் தந்தையார் பால்மரம் வெட்டியவர். ரப்பர் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்ட காலத்தையும் கண்டவர். எனக்கு 15 வயதிருக்கும்போது, ஒருநாள் சொல்லாமற் கொள்ளாமற் பட்டணத்திற்கு இரவுப் படம் பார்க்கப் போய்விட்டேன். நள்ளிரவில் அச்சத்தோடு திரும்பி வருகையில், மதகின்மேல் ஒரு வெளிச்சம் தெரிந்தது. அப்பா டார்ச்சு விளக்கோடு உட்கார்ந்திருந்தார். மறுநாள் விடியலில் வெட்டுக்குப் போகவேண்டியவர். என்னைக் கண்டதும் எழுந்து, "சாப்பிட்டியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு, முன்னால் நடந்தார். அந்த ஒரு கேள்விக்காகவே, அதன்பின் அவருக்குத் தெரியாமல் நான் இரவில் வெளியே போனதில்லை.

அதே தந்தையார், அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர், என் தமக்கையை மூன்றாம் படிவத்தோடு பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். அவருடைய புத்தகத்திற்குள் ஒரு கடிதம் இருந்தது. ஒரு பையன் பெயருக்கு எழுதிய கடிதம். அதனை யார் கண்டெடுத்தார்கள், எப்படி வெளியே வந்தது என்பதெல்லாம் எனக்கு இன்றும் தெளிவாகத் தெரியாது. அன்று மாலைக்குள் லயம் முழுதும் தெரிந்துவிட்டது என்பது மட்டும் நினைவிருக்கின்றது. அக்காவின் சீருடையை அம்மா மடித்துப் பெட்டியில் வைத்தார். 19 வயதில் திருமணம் நடந்தது. அத்தான் நல்லவர், அதிற் குறையில்லை. இப்போது அக்கா ஒரு தொழிற்சாலையில் இரவு முறை வேலை செய்கின்றார். என் மகளின் கதையைக் கேட்டபின், இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒருவரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"அந்தக் கடுதாசி நான் எழுதினதே இல்ல தம்பி. கூட்டாளி ஒருத்தி வெச்சிருக்கச் சொன்னா, வெச்சிருந்தேன். அப்பா கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்கவே இல்ல."

அப்பா கொடியவர் அல்லர். மதகின்மேல் விளக்கோடு உட்கார்ந்திருந்தவரும் அவரே. மகனைப் பற்றி அவர் அஞ்சியபோது, மகனுக்காக அஞ்சினார். மகளைப் பற்றி அஞ்சியபோது, தமக்காக அஞ்சினார். அந்த இரண்டாவது அச்சம் கேள்வி கேட்காது. அதற்கு உண்மை தேவையில்லை. கடிதத்தை எழுதியவர் யாராயிருந்தால் என்ன? லயத்தார் பேசியது பேசியதுதானே?

'அப்படியானால் பெண் பிள்ளையைக் கட்டவிழ்த்து விடச் சொல்கின்றீரா? உலகம் கெட்டுக் கிடப்பதை நீர் அறியீரா?' என்று அன்பர்கள் கேட்கலாம். அறிவேன். 2017ஆம் ஆண்டில் சிறார்மீதான பாலியல் குற்றங்களுக்கென்றே நம் நாட்டில் ஒரு சட்டம் இயற்ற நேர்ந்தது வீணுக்கன்று. 18 வயதிற்குட்பட்ட ஆண், பெண் இருபாலாரையும் காக்க எழுந்தது அச்சட்டம். நட்புப் பாராட்டி, நம்பிக்கையூட்டி, சிறுகச் சிறுக ஒரு பிள்ளையைத் தன் வசப்படுத்துதலையும் அது குற்றமென வகுத்துள்ளது. இவ்வகைக் கயவன் ஒரு பிள்ளையை எவ்வாறு வசப்படுத்துகின்றான் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். 'இதை வீட்டில் சொல்லிவிடாதே; சொன்னால் உன்னைத்தான் அடிப்பார்கள்' என்பதே அவன் கையிலுள்ள பெரிய ஆயுதம். பையன் ஒருவனோடு சந்திவரை நடந்ததற்கே பதினொரு நாட்கள் பேசாதிருந்த தகப்பனுடைய மகளிடம் அவன் அவ்வாறு கூறினால், அவள் அதனை நம்பாமல் என்ன செய்வாள்? அவனுக்கு வேண்டிய சாட்சியத்தை நானே அல்லவா தயாரித்து வைத்திருக்கின்றேன்? என் மகளைக் காக்கவென்று நான் எழுப்பிய வேலி, அவளுக்கு ஆபத்து வந்த வேளையில் என்னை வெளியே நிறுத்தும் வேலியாக முடிந்திருக்கும்.

மகன் விஷயத்தில் என் குற்றம் இதற்கு நேர் எதிரானது. அங்கே வேண்டிய வேலியை நானே சிரித்துப் பிடுங்கினேன். விடலைப் பருவத்தார் ஏன் ஆபத்தை நாடுகின்றனர் என்பதுபற்றி அமெரிக்க உளநூலார் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்னும் இருவர் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், வெவ்வேறு வயதினரைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டொன்றை ஆடச் செய்தனர். சிலர் தனியே ஆடினர். சிலர் தம் வயதொத்தார் பார்த்திருக்க ஆடினர். முதிர்ந்தோரிடத்தில் இவ்விரண்டிற்கும் பெரிய வேற்றுமை காணப்படவில்லை. 13 முதல் 16 வயதுவரை உள்ளவர்களோ, தோழர் பார்க்கையில் தனியே ஆடியதைவிட மிகுதியாகத் துணிந்தனர். என் மகன் அன்றிரவு தனியே இருந்திருப்பின் வண்டியைத் தொட்டிருக்க மாட்டான் என்றே நான் நம்புகின்றேன். என்னை அவமதிக்க அவன் போகவில்லை; என்னை அவன் நினைக்கவே இல்லை. பின்னால் இருந்த இருவருக்காக ஓட்டினான். அப்படிப்பட்டவனுக்கு, மூன்றாவது பார்வையாளனாக ஆபீசிலிருந்து கைதட்டியவன் நான். சிறு தோட்டத்தில் தேநீர் வேளைப் பேச்சு வீடு போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? அன்று மாலையே அவனுக்குத் தெரிந்துவிட்டது. சில நாட்கள் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தான்.

பள்ளியில் படித்த காலத்தில் ஜான் லாக் என்னும் ஆங்கிலத் தத்துவ அறிஞர் கல்வியைப் பற்றி 1693ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் சில பகுதிகளைப் படித்திருக்கின்றேன். இளமையில் அச்சமும் மதிப்பும் பிள்ளையைப் பிடித்து நிறுத்தவேண்டும். வளர வளர அன்பும் நட்பும் அவ்விடத்தைப் பெறவேண்டும் என்பது அவர் கொள்கை. முதற்பாதி எனக்கு இப்போது உடன்பாடில்லை. குழந்தைக்கும் அச்சம் வேண்டியதில்லை. பின்பாதியை நம் பழமொழியும் கூறுகின்றது. ஆனால் அந்த மாற்றம் எந்த நாளில், எப்படி நிகழவேண்டும் என்பதை லாக்கும் எனக்குச் சொல்லவில்லை, பழமொழியும் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் எழுந்து, இன்று முதல் நான் உன் தோழன் என்று அறிவிக்க முடியுமா? பிள்ளை வேலியை அசைத்துப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும், இது ஏன் இங்கே இருக்கின்றது என்று நம்மைக் கேட்கின்றது. துரை சொன்னார், செய் என்று பெரட்டில் நிற்பவனிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய நாவு என்னுடையது. காரணம் கேட்டவனை வாயாடி என்று எழுதி வைத்த தலைமுறைகளின் தொழிலை நான் செய்கின்றேன். அந்த நாவோடுதான் வீட்டிற்கும் வருகின்றேன். அப்பன் சொல்கிறேன், கேள் என்று நான் கூறும்போது, அங்கே பேசுவது அப்பனா, கிராணியா என்று இப்போது சற்று நின்று பார்த்துக்கொள்கின்றேன்.

பன்னிரண்டாம் நாள் இரவு, மகள் சொன்னதைக் கேட்டபின், கேட்டிருக்கவேண்டிய கேள்வியைத் தாமதமாகக் கேட்டேன். "எங்கேம்மா போயிருந்தே?" அவள் ஒரு மணி நேரம் பேசினாள். பூப்பந்தைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசினாள். மாவட்டப் போட்டிக்குத் தேர்ந்தெடுப்பது எப்போது, பயிற்சி ஆசிரியை என்ன சொன்னார், மட்டையின் நரம்பு அறுந்துபோனது எவ்வாறு என்பதெல்லாம் வந்தன. அந்தப் பையனைப் பற்றி இரண்டு வாக்கியம் வந்தது. அவன் நன்றாக ஆடுவானாம், அறிவியலில் மக்காம். யார் வீட்டுப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. கேட்க நாவெழுந்தது என்பதையும் ஒப்புக்கொள்கின்றேன்.

மகனையும் மறுநாள் கூப்பிட்டு உட்காரவைத்தேன். ஆபீசில் நான் சிரித்தது தவறு என்று கூறினேன். இதனை அவன் எதிர்பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். சாவி என் ஆபீசு மேசை அறையில் பூட்டிக் கிடக்கும். 16 வயதாகி, முறைப்படி உரிமம் எடுத்தபின் கிடைக்கும். அதன் பிறகும் பின்னால் ஒருவரை ஏற்றுவது ஓராண்டு கழித்தே என்றேன். காரணத்தையும் விரித்துச் சொன்னேன். மதகிற்கே அழைத்துக்கொண்டு போய், சக்கரம் சறுக்கிய தடத்திற்கும் சிமெண்டுச் சுவருக்கும் இடையே எத்தனை அடி என்று அவனையே அளக்கச் சொன்னேன். அளந்தான். ஆயினும் கோபம் தீரவில்லை. இரண்டு வாரமாக என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. காரணம் சொன்னவுடன் பிள்ளை மகிழ்ந்து ஏற்றுக்கொள்ளும் என்று எண்ணினால் நாம் ஏமாந்து போவோம். அவன் கோபித்துக்கொள்ளட்டும். இருட்டுவதற்குள் வீடு திரும்பவேண்டும் என்னும் விதியும் இப்போது இருவருக்கும் பொதுவாயிற்று. அதில் அவனுடைய கோபம் இன்னும் அதிகம்.

மகள் மீண்டும் பயிற்சிக்குப் போகின்றாள். வியாழக்கிழமைகளில் நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக்குப் போய் நின்று அழைத்து வருவேன் என்றேன். எல்லார் முன்னிலையிலும் அப்பா வந்து நிற்பது கூச்சமாயிருக்கின்றதாம். பேருந்து நிறுத்தத்திற்கு வரவேண்டாம், தோட்டத்து வழியில் நிற்கலாம் என்றாள். வாதாடிப் பார்த்தேன், தோற்றேன். ஆகையால் வியாழன் மாலைகளில் மதகின்மேல் உட்கார்ந்திருக்கின்றேன். சாலையில் போகின்றவர்கள், என்ன கிராணியாரே, இங்கே உட்கார்ந்துவிட்டீர் என்று கேட்கின்றார்கள். மகளுக்காகக் காத்திருக்கின்றேன் என்று சொல்கின்றேன். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரவு பத்து மணிக்குமேல் அது கூடத்து அலமாரியில் இருக்கவேண்டும் என்பது என் கட்சி. பதினொன்று என்பது அவள் கட்சி. இன்னும் முடிவாகவில்லை.